வெயிலைத் தளத்துக்கு மேலேயே நிறுத்துங்கள்: மொட்டை மாடிக்கும் மேற்குச் சுவருக்கும் இன்சுலேஷன்

மேல்மாடியில் குடியிருப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் தூங்க முடியவில்லை. ஃபேன் போட்டால் அனல் இறங்குகிறது என்பார்கள். அதற்குக் காரணம் தளம்தான். 5 அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேல் விழும் வெயில், அடிப்பக்கத்துக்கு வந்து சேர நாலு மணி நேரம்வரை எடுத்துக்கொள்கிறது. மேலே சுருக்கியும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் அடுக்கு) ஓடும் இருந்தால் இன்னும் தாமதம். உச்சி வெயிலில் ஏறிய சூடு சாயங்காலம்தான் சீலிங்கில் தெரியும், நடுராத்திரி வரை விடாது. 9 அங்குலச் செங்கல் சுவர் இன்னும் மெதுவானது. மேற்குச் சுவர் மாலை நாலு மணிக்கு வாங்கிய வெயிலை நீங்கள் படுத்தபிறகு கொடுக்கும். காற்று குளிர்ந்துவிட்டாலும் சூடான சீலிங் நேராக உடம்பின்மேல் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. ஏ.சி. போட்டாலும் அது முதலில் கான்கிரீட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு விதிதான்: சூடு கான்கிரீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். நுழைந்த பிறகு அடியில் என்ன ஒட்டினாலும் அது இரண்டாம்பட்சம்.

எந்தப் பக்கத்தை முதலில் கவனிப்பது? சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நடுவிலுள்ள மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்து போகும். ஆக, கோடை முழுக்க வெயிலை அதிகம் வாங்குவது தளம்தான். அடுத்து மேற்குச் சுவர். மே, ஜூனில் சூரியன் வடமேற்கில் மறைவதால் வடக்குச் சுவரிலும் மாலை வெயில் சாய்ந்து விழும். தெற்குச் சுவருக்கு வெயில் வருவது மார்கழி, தையில். அப்போது அது தொந்தரவே இல்லை. பணம் குறைவாக இருந்தால் தளத்துக்கு மட்டும் செலவழியுங்கள். தளத்தை விட்டுவிட்டு நாலு சுவருக்கும் எதையாவது ஒட்டுவது வீண் செலவு.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதுதான் யு-மதிப்பு. குறைந்தால் நல்லது. அடியில் பூச்சு மட்டும் உள்ள 5 அங்குல வெறும் தளத்துக்கு இது சுமார் 3.3. அதன்மேல் 3 அங்குலச் சுருக்கியும் தட்டோடும் போட்டால் 2.3, 2.4 வரை இறங்கும். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டியான ஃபோம் பலகை போட்டால் 0.5. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்றது. "சுருக்கி போட்டாச்சு சார், சூடு வராது" என்று மேஸ்திரி சொன்னால், அது பாதி உண்மைகூட இல்லை. சுருக்கியின் முதல் வேலை மழைநீரை வாட்டமாக ஓட விடுவதும் தளத்தை வெயில் மழையிலிருந்து காப்பதும். சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

முதலில் வெள்ளை

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மாடியில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. பழைய சிவப்புத் தட்டோடும் கறுத்த சிமெண்டுத் தளமும் அதில் 650, 700 வாட்டை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு 200 வாட் அளவே உறிஞ்சும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் கிடையாது. வாடகை வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று சுண்ணாம்பு. நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் நீற்றி, 24 மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டி, பிசின் கரைத்துச் சேர்த்து மூன்று கை அடிக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பிளாஸ்டிக் வாளியில் நீற்றக் கூடாது. ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரும்பகுதி போய்விடும். ஆண்டுதோறும் அடிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது போதும்.

இன்னொன்று கடையில் விற்கும் எலாஸ்டோமெரிக், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும், கூல் ரூஃப் பூச்சு. வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற சூரிய எதிரொளிப்புக் குறியீடு எவ்வளவு என்று பாருங்கள். எண் 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எண்ணே போடாமல் "10 டிகிரி குறையும்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். சொரசொரப்பான தளத்தில் இரண்டு கைக்குச் சேர்த்து 1 லிட்டர் 20 முதல் 30 சதுர அடி போகும். 1000 சதுர அடி மாடிக்கு 20 லிட்டர் டப்பா ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் தண்ணீர் கலந்து இழுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

பூச்சு உரிந்து வருவது பெரும்பாலும் பெயிண்டின் குற்றம் அல்ல, அடியில் உள்ள தளத்தின் குற்றம். பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓட்டுச் சந்துகளில் கலவை போயிருந்தால் பழையதைச் சுரண்டிவிட்டு நிரப்ப வேண்டும். விரிசலை உளியால் 'வி' வடிவில் வெட்டிவிட்டு அடைக்க வேண்டும். மேலோடு பட்டி தடவினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறந்துகொள்ளும். பிறகு நன்றாகக் காய வேண்டும். ஓடு மேலே காய்ந்திருந்தாலும் சுருக்கிக்குள் ஈரம் தங்கியிருக்கும். வெயில் ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு: இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டியிருந்தால் இன்னும் காயவில்லை. மாசி, பங்குனி இந்த வேலைக்குத் தோதான காலம். காலை பத்து மணிக்குள் ஒரு கை, மறுநாள் குறுக்குவாட்டில் இன்னொரு கை. உச்சி வெயிலில் அடித்தால் ஓட்டில் பட்டதும் காய்ந்து, பிடிக்காமல் பொடியாகிவிடும்.

புழுதி படியப் படிய வெள்ளையின் பலன் கணிசமாகக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்குமுன் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். வெள்ளை ஓடோ, உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்த சைனா மொசைக்கோ போட்டாலும் இதே கதைதான். அவை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மழையில் வழுக்கும். பக்கத்து வீடு உங்கள் மாடியைவிட உயரம் என்றால் கூச்சம் அவர்கள் ஜன்னலில் அடிக்கும். அந்த இடத்தில் பளபளப்பில்லாத பூச்சு அடிப்பதுதான் மரியாதை.

தளத்துக்கு மேல் பலகை

உண்மையான இன்சுலேஷன் என்றால் இதுதான். கடையில் கிடைக்கும் பலகைகளில் தெர்மகோல் என்று நாம் சொல்லும் இ.பி.எஸ்., எக்ஸ்.பி.எஸ்., பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் மூன்றும் முக்கியம். சூட்டைத் தடுப்பதில் பி.யு. கொஞ்சம் முந்தும். ஆனால் மொட்டை மாடியில் பலகைக்கு மேல் தண்ணீர் வரும், ஆள் நடப்பார்கள், தொட்டி வைப்பார்கள். அதனால் நான் எக்ஸ்.பி.எஸ்.-ஐத்தான் சொல்வேன். அதன் உள்ளறைகள் மூடியவை, தண்ணீரை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. இ.பி.எஸ். மணிகளுக்கு நடுவில் தண்ணீர் புகும். ஊறிய பலகை சூட்டைத் தடுக்காது.

சந்தையில் எக்ஸ்.பி.எஸ். பெரும்பாலும் 1250-க்கு 600 மி.மீ. அளவில் வரும். ஒரு பலகை முக்கால் சதுர மீட்டர். 1000 சதுர அடிக்கு 124 பலகை, வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து 130 வாங்குங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையக் கூடாது. இதைச் சோதிக்க லேப் எதுவும் வேண்டாம். 50 மி.மீ. பலகை ஒன்றைத் தராசில் வையுங்கள்: 1.2 கிலோ இருக்க வேண்டும். 900 கிராம் காட்டினால் அடர்த்தி 24தான். லாரியைத் திருப்பி அனுப்புங்கள். தடிமனையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், 45 மி.மீ. பலகையை 50 என்று கொடுப்பது நடக்கிறது. 1.2 என்ற விதியை எட்ட 25 மி.மீ. பலகையே போதும் என்றாலும், மேலே போடும் கான்கிரீட், கூலி, ஓடு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. பலகையில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

வேலை வரிசை மாறக் கூடாது. முதலில் வாட்டம்: 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வீதம் மழைநீர்க் குழாயை நோக்கி இறங்க வேண்டும். பிறகு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூச வேண்டும். அடுத்து வாட்டர்ப்ரூஃபிங், எல்லா வேலையும் முடிந்தபின் மாடி எந்த மட்டத்துக்கு வருமோ, அதற்கு மேலும் 6 அங்குலம் அது சுவரில் ஏற வேண்டும். குழாய்களின் வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரமாவது விட வேண்டும். சீலிங்கில் ஒரு பொட்டு ஓதம் தெரிந்தாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பலகையும் கான்கிரீட்டும் மூடிய பிறகு ஒழுக்கின் மூலத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறொரு மூலையில் சொட்டும்.

அதன்பிறகுதான் பலகை. செங்கல் வரிசை மாதிரி சந்து மாறி வர வேண்டும், நாலு பலகை ஒரு மூலையில் சந்திக்கக் கூடாது. தளத்தில் மேடுபள்ளம் இருந்தால் முதலில் மெல்லிய கலவையால் நிரவுங்கள். ஆடும் பலகையின்மேல் போட்ட கான்கிரீட் அந்த இடத்தில் கட்டாயம் வெடிக்கும். சந்துகளில் பலகைத் துண்டையோ பி.யு. ஃபோமையோ நிரப்ப வேண்டும், சிமெண்டுப் பால் உள்ளே இறங்கினால் ஒவ்வொரு சந்தும் சூடு இறங்கும் பாதையாகிவிடும். பெட்ரோலிய ஸால்வென்ட் கலந்த பசையும் சூடான தாரும் எக்ஸ்.பி.எஸ்.-ஐத் தின்றுவிடும், காலையில் ஒட்டிய பலகை சாயங்காலம் குழிந்து கிடக்கும். தார் ஷீட் வாட்டர்ப்ரூஃபிங்கைத் தீ காட்டி ஒட்டுகிறார்கள் என்றால் பலகை வருவதற்கு முன்பே அந்த வேலை முழுசாக முடிந்து ஆறியிருக்க வேண்டும். அன்றைக்குக் கான்கிரீட் போடும் அளவுக்கு மட்டும் பலகை விரியுங்கள். வெயிலில் கிடந்தால் மேற்பரப்பு மஞ்சளாகிப் பொடி உதிரும், ஆடி மாதக் காற்றில் பலகை தெருவுக்குப் போய்விடும்.

பலகைக்கு மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை 6 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற விரித்து, 50 மி.மீ. எம்20 கான்கிரீட். 1000 சதுர அடிக்கு இது 4.65 கன மீட்டர்: சிமெண்ட் சுமார் 37 மூட்டை, மணல் 70 கன அடி, ஜல்லி 140 கன அடி. முக்கால் அங்குல ஜல்லி வேண்டாம், சிறிய ஜல்லிதான் இந்தத் தடிமனுக்குச் சரி. உள்ளே வெல்டு மெஷ் என்ற கம்பி வலை போட வேண்டும், அது கான்கிரீட்டின் நடுவில் நிற்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால் மெஷைத் துணியின்மேல் விரித்து அதன்மேலேயே கலவையைக் கொட்டிவிடுகிறார்கள். அடியில் ஒட்டிக் கிடக்கும் மெஷால் எந்தப் பயனும் இல்லை. மெஷைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கவர் பிளாக்குகளை அடியில் கொடுத்து, நடப்பதற்குப் பலகை போட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

அதிகம் கோட்டை விடும் இடம் இணைப்புச் சந்துதான். இன்சுலேஷனுக்கு மேலே இருக்கும் கான்கிரீட் சாதாரணத் தளத்தைவிட அதிகமாகச் சூடாகும், ஏனென்றால் அதன் சூடு கீழே இறங்க வழியில்லை. அதனால் அதிகமாக விரியும். 10 அடிக்கு 10 அடி கட்டங்களாகப் பிரித்து, நடுவில் 12 மி.மீ. சந்தைத் துணி வரை முழு ஆழத்துக்கு விட்டு, சீலண்ட் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரம் நாலு பக்கமும் 20 மி.மீ. இடைவெளி கட்டாயம். இதை விடாமல் சுவரோடு சேர்த்துக் கான்கிரீட் போட்ட வீடுகளில், இரண்டொரு கோடையில் கைப்பிடிச் சுவரின் அடியில் வெளிப்பக்கமாகக் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடுவதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். தளம் சுவரைத் தள்ளியிருக்கிறது. அடுத்த ஐப்பசியில் அந்த விரிசல் வழியாகத்தான் தண்ணீர் வரும். இதே காரணத்தால் மேலே போடும் ஓடும் வெள்ளையாகவே இருக்கட்டும். "அடியில் இன்சுலேஷன் இருக்கிறதே" என்று அடர்நிற டைல்ஸ் போடுவது விரிசலை விலை கொடுத்து வாங்குவது.

இரண்டு எச்சரிக்கை. பலகை, கான்கிரீட், ஓடு எல்லாம் சேர்ந்து மாடியின் மட்டம் 5 அங்குலம் ஏறும். மாடிப்படி அறையின் வாசற்படி அதைவிட உயரமாக இருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் உயரம் குழந்தைகளுக்குப் போதுமானதாக மிஞ்சுமா என்று வேலைக்கு முன்பே பாருங்கள். அடுத்து பாரம். 50 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ. 1000 சதுர அடிக்கு 11 டன்னுக்கு மேல். ஏற்கெனவே இருக்கும் 3 அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்கு 140 கிலோ அளவுக்கு இருக்கும். பழைய சுருக்கிக்கு மேலேயே புதிதாக 11 டன் ஏற்றலாமா என்பதை மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது, கட்டமைப்புப் பொறியாளர் வந்து தளத்தின் தடிமனையும் கம்பியின் நிலையையும் பார்த்துச் சொல்ல வேண்டும். சீலிங்கில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் சுருக்கியை எடுத்துவிட்டுப் பலகை போடுவதே நல்லது.

சுருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. முறையாகப் போட்ட சுண்ணாம்புச் சுருக்கியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பொதுப்பணித் துறைக் கணக்குப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடிக்கும் கட்டை பள்ளம் பதிக்காமல் துள்ளித் திரும்பும்போதுதான் இறுகியது என்று கணக்கு. அதன்மேல் 1:3 கலவையில் தட்டோடு. அப்படிப் போட்டது தளம் விரிந்து சுருங்கும்போது கூடவே அசைந்து கொடுக்கும். இன்றைக்கு "சுருக்கி" என்ற பேரில் செங்கல் ஜல்லியைச் சிமெண்டில் கலந்து ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அது விறைப்பாக இறுகி வெடிக்கும், செங்கல் ஜல்லி அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேலைக்குக் கொடுக்கும் காசைப் பலகைக்குக் கொடுங்கள்.

அடுக்ககத்தில் மேல்தளம், ஓட்டு வீடு, ஷீட் கூரை

அடுக்ககத்தில் மாடி பொதுச்சொத்து. சங்கம் ஒப்புக்கொண்டால் வெள்ளைப் பூச்சாவது அடித்துவிடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால்தான் சீலிங்குக்கு அடியில் போக வேண்டும். வெறும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கால் பெரிய பயன் இல்லை. மேலே 50 மி.மீ. ராக் வூல் (கல் இழைப் பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில், சந்தில்லாமல் விரித்தால்தான் பலன் தெரியும். ஃபேன் கொக்கியை நீட்டித் தளத்திலிருந்தே தொங்கவிட வேண்டும், ஜிப்சம் சட்டத்தில் மாட்டக் கூடாது. பதித்த எல்.இ.டி. விளக்குக்கும் அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிக்கும் மேல் ராக் வூலைப் போர்த்தாதீர்கள். சூடு போக வழியில்லாமல் டிரைவர் சீக்கிரம் போகும். விரிக்கும் ஆட்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள், இழை தோலில் அரிக்கும். தளம் மட்டும் அப்படியே காய்ந்துகொண்டுதான் இருக்கும், அதன் விரிவும் விரிசலும் குறையாது. அதனால்தான் இதைக் கடைசி வழியாகச் சொல்கிறேன்.

மங்களூர் ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் மரத் தட்டுக்கும் நடுவிலுள்ள காலி இடம் ஏற்கெனவே நல்ல பாதி வேலையைச் செய்கிறது. சூடான காற்று முகட்டில் வெளியேற வழியும் தாழ்வாரத்தில் உள்ளே வர வழியும் இருக்க வேண்டும். பலர் அணில், எலி வருகிறது என்று இரண்டையும் அடைத்துவிடுகிறார்கள். அடைக்காமல் கம்பி வலை போடுங்கள். ஃபாயில் ஷீட் போடுவதானால் பளபளக்கும் பக்கம் கீழே பார்க்க, அதற்கு எதிரே குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாமல் பலகையோடு ஒட்டிய ஃபாயில், வெப்பத்தைக் கடத்தும் ஒரு தகடுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் இழை நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரமாக மெதுவாகத் துடைத்து, பலகை போட்டு அதன்மேல் நின்று வெள்ளை அடிப்பதோடு நிறுத்துங்கள். அடியில் வெறும் தெர்மகோல் ஒட்டுவது பரவலாக இருக்கிறது. சமையலறை ஓரத்தில் அது மிக ஆபத்து: தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை ஒரு நிமிடத்தில் அறையை நிரப்பும்.

மொட்டை மாடிக்கு மேல் ஷீட் போட்டு நிழல் தருவதும் நல்ல இன்சுலேஷனே. இரண்டு பக்கமும் திறந்து காற்று ஓட வேண்டும். கடலோர மாவட்டங்களில் புயல் காற்று அடியிலிருந்து தூக்கும் விசைக்குத் தக்கபடி தூணையும் பிடிமானத்தையும் வடிவமைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட் அடித்து நிறுத்துவது போதாது.

சுவர்

9 அங்குலச் செங்கல் சுவரின் யு-மதிப்பு சுமார் 2. நாலரை அங்குலச் சுவருக்கு 2.8. மேற்குப் பக்கம் நாலரை அங்குலச் சுவர் கட்டிய வீடுகள் மாலையில் அடுப்பாகிவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் மேற்கில் மட்டுமாவது 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) வைத்தால் 0.7-க்கு வந்துவிடும். தூணும் பிளாக்கும் சேரும் கோட்டில் 6 அங்குல அகலத்துக்கு மெஷ் வைத்துப் பூசாவிட்டால் அங்கே விரிசல் நிச்சயம். செங்கல்தான் வேண்டும் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ரேட் ட்ராப் பாண்ட் முறை இருக்கிறது: செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குலக் காற்றறை விட்டுக் கட்டுவது. செங்கல்லும் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். ஸ்விட்ச் பாக்ஸ் வரும் இடங்களைக் கட்டும்போதே திட்டமிட வேண்டும், பிறகு உடைத்தால் காற்றறை திறந்துகொள்ளும்.

கட்டி முடித்த வீட்டில் முதலில் நிழல். மேற்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிழல் வலையோ கொடி படரும் கம்பிச் சட்டமோ போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்து வெளிப்பக்க இன்சுலேஷன்: தீத்தடுப்பு ரக இ.பி.எஸ். 50 மி.மீ. பலகையைச் சிமெண்டுப் பசையில் ஒட்டி, சதுர மீட்டருக்கு 6 பிளாஸ்டிக் டவல் (பலகையைச் சுவரோடு பிடிக்கும் முளை) அடித்து, காரம் தாங்கும் ஃபைபர் கிளாஸ் வலையை 10 செ.மீ. ஏற்றிப் பதித்து, மேலே பூச்சு. யு-மதிப்பு 0.55 அளவுக்கு இறங்கும். 300 சதுர அடிச் சுவருக்கு சுமார் 28 சதுர மீட்டர் பலகை, 170 டவல், 31 சதுர மீட்டர் வலை. ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஒரு துண்டு வலை கூடுதலாக வைக்காவிட்டால் அந்த மூலையிலிருந்துதான் கோடு கிளம்பும். பலகையைத் தரையிலிருந்தே தொடங்காதீர்கள், ஓரடி உயரம் விட்டுத் தொடங்குங்கள். கரையான் அதற்குள் வழி போடும்.

உள்பக்கத்தில் செய்வதைப் பற்றி அழுத்திச் சொல்ல ஒன்று இருக்கிறது. அமெரிக்க, கனடிய வீடியோக்களைப் பார்த்து ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட் அடிக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்று வெளியே போகப் பார்க்கிறது. அதைத் தடுக்க உள்பக்கம் ஷீட். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஈரம் வெளியிலிருந்து ஏ.சி. அறைக்குள் வரப் பார்க்கிறது. கடலோரத்தில் காற்றின் பனிப்புள்ளி, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஆண்டின் பல மாதங்களில் 24, 25 டிகிரி. ஏ.சி. 22-இல் ஓடும்போது ஜிப்சத்தை ஒட்டியுள்ள பாலித்தீன் அதைவிடக் குளிர்ந்து, சுவர்ப் பக்கத்தில் வியர்க்கும். அந்தத் தண்ணீர் எங்கும் போகாது. ராக் வூல் நனையும், ஜிப்சத்தின் காகிதத்தில் கறுப்புப் பூஞ்சை ஏறும், ஆறு மாதத்தில் அறையில் மக்கிய வாடை வரும். நம் ஊரில் ஈரத்தடுப்பு சூடான பக்கத்தில், அதாவது வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். உள்பக்கம் மூச்சுவிட வேண்டும். உள்பக்கம் வினைல் வால்பேப்பர் ஒட்டினாலும் இதே சங்கடம்தான். ஏற்கெனவே ஓதம் ஏறும் சுவரில் உள்ளே எதையும் ஒட்டவே கூடாது.

வேலை பலன் தந்ததா என்று பார்க்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். அதில் எமிஸிவிட்டி (பரப்பு வெப்பத்தைக் கதிராக வீசும் திறன்) என்ற அமைப்பை 0.95-இல் வைத்து, ஒரே மாதிரி வெயில் அடிக்கும் நாட்களில், வேலைக்கு முன்னும் பின்னும் மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்குச் சீலிங்கின் ஒரே இடத்தை அளந்து எழுதி வையுங்கள். சீலிங்குக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இரவு 10 மணிக்கு அது ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருந்தால் வேலை சரி. ஒரு மூலையில் மட்டும் கூடுதலாகக் காட்டினால் அங்கே பலகைச் சந்து திறந்திருக்கிறது, அல்லது கைப்பிடிச் சுவர் வழியாகச் சூடு இறங்குகிறது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்துக்கும் மேல்முகத்துக்கும் வெள்ளை அடித்தால் இது குறையும்.

பிறகு சோலார் பேனல், டிஷ், துணிக்கொடிக் கம்பம் என்று மாடியில் எது வந்தாலும் புதிய தளத்தில் துளை போட விடாதீர்கள். ஒரு ஆங்கர் போல்ட் ஓடு, கான்கிரீட், துணி, பலகை எல்லாவற்றையும் தாண்டி வாட்டர்ப்ரூஃபிங்கில்தான் போய் நிற்கும். பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான பீடங்களைத் தளத்திலிருந்தே எழுப்பி, வாட்டர்ப்ரூஃபிங்கை அவற்றின்மேலும் ஏற்றி, அதன்பிறகு பலகை வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.